நூலகத்துக்கு மூன்று மணி நேரம், வரிவிலக்குக்கு நான்கு நிமிடம்

மாலைநேர வாசகி எழுதியது:

நேற்று நகர்மன்றக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பார்வையாளர் வரிசையில் கடைசி நாற்காலி. மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய கூட்டம் முடிய எட்டரை ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது பொருள் நூலகம். இப்போது இரவு எட்டு மணி வரை திறந்திருக்கிறது. இனி ஆறு மணிக்கே மூடிவிடலாமா என்பது கேள்வி. மூடினால் மிச்சமாவது இரண்டு உதவியாளர்களின் சம்பளமும் கொஞ்சம் மின்கட்டணமும். இதைப் பற்றி மன்றம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசியது. ஒரு உறுப்பினர், மேல்மாடியில் எத்தனை மின்விசிறி ஓடுகிறது என்று கேட்டார். இன்னொருவர், ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களை எண்ணிப் பார்த்தீர்களா என்றார். நூலகர் உண்மையிலேயே எண்ணி வைத்திருந்தார். கையில் ஒரு நீள நோட்டு, நாள்வாரியாகக் கோடு போட்டு எழுதியது. அதைப் படிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே போதும் என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். முடிவு, 'நிதி நிலைமையை முன்னிட்டு' ஆறு மணி.

பதினோராவது பொருள், புதிதாக வரவிருக்கும் ஒரு பெரிய சரக்குக் கிடங்குக்குப் பத்து ஆண்டுகளுக்குச் சொத்து வரி விலக்கு. செயலர் தலைப்பைப் படித்தார். ஒரு உறுப்பினர் எழுந்து, நானூறு பேருக்கு வேலைவாய்ப்பு வருகிறது, மனதார வரவேற்கிறேன் என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு நிமிடம். அடுத்த மாதம் இரண்டாவது முறையாக மன்றத்துக்கு வந்த பிறகுதான் இது இறுதியாகும்.

விலக்கின் தொகை எவ்வளவு என்று எங்களுக்குக் கொடுத்த எந்தத் தாளிலும் இல்லை. பட்ஜெட் புத்தகத்தை இரவு முழுக்கப் புரட்டினேன், அதிலும் இல்லை. இரண்டு பேரின் சம்பளத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது, பத்து ஆண்டு வரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இது எப்படி என்று கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பழைய கணக்கர் எழுதியது:

சகோதரி, உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். உங்கள் கேள்வி சரியான கேள்வி. பதிலில் ரகசியம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை.

பட்ஜெட் என்பது வரப்போகும் பணத்தையும் போகப்போகும் பணத்தையும் எழுதுகிற புத்தகம். நூலக உதவியாளரின் சம்பளம் போகும் பணம். அதற்கு ஒரு கணக்குத் தலைப்பு உண்டு, எண் உண்டு, சென்ற ஆண்டுத் தொகையும் இந்த ஆண்டுத் தொகையும் அருகருகே நிற்கும். யார் வேண்டுமானாலும் விரலை வைத்துக் காட்டலாம். வரிவிலக்கு அப்படியல்ல. அந்தப் பணம் கருவூலத்துக்குள் வரவே இல்லை. உள்ளே வராத பணத்துக்கு ரசீதும் இல்லை, செலவுச்சீட்டும் இல்லை. ஆகவே புத்தகத்தில் இடமும் இல்லை.

ஆனால் ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். நிறுவனத்திடம் நூறு வாங்கி நூறையும் மானியமாகத் திருப்பிக் கொடுத்தால் அது செலவு. வாங்காமலே விட்டால் சலுகை. கஜானாவில் கடைசியில் இருப்பது இரண்டு வழியிலும் ஒரே தொகை. முதல் வழியில் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் மன்றத்தின் முன் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

இதில்தான் என் மனம் அதிகம் நோகும். நூலகம் ஒவ்வோர் ஆண்டும் கை நீட்ட வேண்டும். பத்து ஆண்டில் பத்து முறை விசாரணை. விலக்கு ஒருமுறை நிறைவேறினால் பத்து ஆண்டும் அதைக் கேட்பார் இல்லை. அதை நிறைவேற்றிய மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, அடுத்த மன்றமும் முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் அரசுக் கணக்கியல் தர வாரியம் 2015ஆம் ஆண்டு 77ஆம் எண் அறிக்கை என்று ஒன்றை வெளியிட்டது. மாநிலமும் நகரமும் வரிச்சலுகையால் ஓர் ஆண்டில் எவ்வளவு வருவாயை விட்டுக்கொடுத்தன என்பதை ஆண்டறிக்கையின் குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும் என்கிறது அது. ஒரு நகரம் கொடுத்த சலுகையால், அங்கே பள்ளிகளை நடத்தி வரியில் பங்கு பெறும் பள்ளி வாரியத்துக்கு வருவாய் குறைந்தால் அந்த வாரியமும் எழுத வேண்டும். அதன் பிறகுதான் பல பள்ளி வாரியங்கள் தாங்கள் இழக்கும் தொகையையே முதல்முறையாகப் பார்த்தன. கணக்குத் தொழிலில் இதைவிடச் சிறிய சீர்திருத்தம் இருக்க முடியாது. ஒரு குறிப்பு, ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் எண் தாளில் ஏறிய பிறகு அதைப் பற்றிக் கேள்வி கேட்காமல் இருப்பது கடினம்.


மூடிய ஆலை எழுதியது:

வாசகி அம்மாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் கணக்கர் ஐயா சொன்ன 'நூறு வாங்கித் திருப்பிக் கொடுப்பது' கணக்கை நான் ஏற்கவில்லை. அந்த நிறுவனம் வராவிட்டால் வாங்க நூறு எங்கே இருக்கிறது? இல்லாத மாட்டில் பால் கறக்க முடியாது.

ஒரு பெரிய ஆலை மூடப்பட்டதை நான் அருகிலிருந்து பார்த்தவன். முதலில் ஆலைச் சங்கு நின்றது. அந்தச் சங்கை வைத்துத்தான் தெருவே கடிகாரம் திருப்பும். பிறகு பஸ் எண்ணிக்கை பாதியானது. அடுத்த ஆண்டு பள்ளியில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள், பிள்ளைகள் இல்லை. மூன்றாவது ஆண்டு வாடகைக்கு விடப்படும் என்ற பலகை தொங்காத வீடு தெருவில் இரண்டோ மூன்றோதான். அந்த நிலையில் ஒரு நிறுவனம் வந்து, பத்து ஆண்டு வரி வேண்டாம், நானூறு பேருக்கு வேலை தருகிறேன் என்றால் எந்த மன்றம் வேண்டாம் என்று சொல்லும்? நான் உறுப்பினராக இருந்தால் நானும் மேசையைத் தட்டியிருப்பேன்.

நூலகத்தின் மாலை நேரம் முக்கியம்தான். ஆனால் மாலையில் நூலகத்துக்கு வர ஊரில் ஆள் இருக்க வேண்டுமே.


ஆய்வு மாணவன் எழுதியது:

மேற்கோள்: «அந்த நிறுவனம் வராவிட்டால் வாங்க நூறு எங்கே இருக்கிறது?»

ஐயா, முழு வழக்கும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. சலுகை இல்லாவிட்டால் வந்திருக்குமா, வந்திருக்காதா? வந்திருக்காது என்றால் உங்கள் கணக்கு சரி. சலுகை இல்லாமலே வந்திருக்கும் என்றால் கணக்கர் ஐயாவின் கணக்கு சரி.

அமெரிக்கப் பொருளியலாளர் டிமத்தி பார்ட்டிக் இந்தக் கேள்வியையே பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறவர். அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2018இல் அவர் எழுதிய மதிப்பீட்டின்படி, சலுகை பெற்ற நிறுவனங்களில் அந்தச் சலுகையால்தான் முடிவை மாற்றியவை 2 முதல் 25 சதவீதம் வரைதான். மற்றவை எப்படியும் அதே இடத்துக்கு வந்திருக்கும், அல்லது அதே இடத்தில் விரிவாக்கம் செய்திருக்கும்.

காரணம் எளிது. ஒரு நிறுவனம் இடம் தேடும்போது முதலில் பார்ப்பது வேலைக்கு ஆள் கிடைக்குமா, சரக்கு போக வழி இருக்கிறதா, வாடிக்கையாளர் எவ்வளவு தூரம், நிலமும் தண்ணீரும் மின்சாரமும் உண்டா என்பதை. உள்ளூர் வரி மொத்தச் செலவில் சிறிய பங்கு. சரக்குக் கிடங்கு நெடுஞ்சாலைச் சந்திப்பைத் தேடித்தான் வரும், வரியைத் தேடி வராது.

அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு 2017இல் ஏலம் போல அழைப்பு விட்டபோது 238 விண்ணப்பங்கள் போயின. சின்னச் சின்ன ஊர்களெல்லாம் தங்களால் இயன்றதை எழுதிக் கொடுத்தன. கடைசியில் 2018 நவம்பரில் தேர்வானவை நியூயார்க்கும், தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனும். திறமையான ஆட்கள் ஏற்கெனவே குவிந்திருக்கும் இடங்கள். நியூயார்க்கில் நகரமும் மாநிலமும் சேர்ந்து அறிவித்த சலுகை ஏறக்குறைய 300 கோடி டாலர். எதிர்ப்பு கிளம்பியதும் 2019 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தை நிறுவனமே கைவிட்டது. நிறுவனம் நியூயார்க்கை விட்டுப் போய்விடவில்லை. அதே ஆண்டு இறுதியில் மன்ஹாட்டனில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்குமேல் அமரும் அலுவலகத்துக்கு இடம் பிடித்தது. அதற்கு அந்தச் சலுகைகள் கிடையாது.


மூடிய ஆலை எழுதியது:

தம்பி, 25 சதவீதம் என்றால் நான்கில் ஒன்று. நான்கில் ஒரு நிறுவனம் சலுகையால் வருகிறது என்றால், வேலையில்லாத ஊர் அந்த நான்கையும் முயன்று பார்க்கத்தானே செய்யும்? எந்த நிறுவனம் அந்த ஒன்று என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. சலுகை தராவிட்டால் பக்கத்து ஊருக்குப் போவோம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்.


ஆய்வு மாணவன் எழுதியது:

அதைச் சொல்வதற்குச் செலவு இல்லை ஐயா, அதனால்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மன்றத்திடம் அதைச் சோதிக்கும் வழியும் இல்லை. நிறுவனத்தின் கையில் எல்லா விவரமும் இருக்கிறது, மன்றத்தின் கையில் பயம் மட்டும் இருக்கிறது.

பக்கத்து ஊர் கதைக்கு அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியைவிடத் தெளிவான இடம் இல்லை. ஒரே பெருநகரம், நடுவே மாநில எல்லை. சில இடங்களில் எல்லை ஒரு தெருதான். தெருவின் ஒரு பக்கம் மிசௌரி, மறுபக்கம் கன்சாஸ். பல ஆண்டுகளாக இரண்டு மாநிலங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று நிறுவனங்களை வரிச்சலுகை காட்டி இழுத்தன. நிறுவனம் சில மைல் நகரும். வேலை செய்கிறவர் அதே வீட்டிலிருந்து காரில் சற்று வேறு திசையில் போவார். 'புதிய வேலைகள்' என்று ஒரு மாநிலம் அறிவிக்கும். பெருநகரத்தில் ஒரு வேலைகூடக் கூடியிருக்காது, வரி மட்டும் போயிருக்கும். அலுத்துப்போய் 2019இல்தான் இரண்டு மாநிலங்களும் இந்த எல்லைச் சண்டையை நிறுத்துவதென்று உடன்பட்டன. முதலில் மிசௌரி சட்டம் இயற்றியது, பிறகு கன்சாஸ் ஆளுநர் ஆணையில் கையெழுத்திட்டார். கவனியுங்கள், நிறுத்தியது தனி ஒரு நகர்மன்றம் அல்ல. தனியாக நிறுத்துகிறவர் தோற்பார் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதே காரணத்துக்காகத்தான் போட்டியைக் குலைக்கும் அரசு உதவியைத் தன் ஒப்பந்தத்தின் 107ஆம் பிரிவில் பொதுவாகத் தடை செய்து, விதிவிலக்குகளைத் தனியே வைத்திருக்கிறது.


ஆறு பேர் பட்டறை எழுதியது:

நான் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் பட்டறையில் என்னையும் சேர்த்து ஆறு பேர். பத்தொன்பது ஆண்டுகளாகச் சொத்து வரி, தொழில் உரிமக் கட்டணம், குப்பைக் கட்டணம் மூன்றையும் ஒரு நாள் தவறாமல் கட்டி வருகிறேன். ஒரு சலுகையும் நான் கேட்டதில்லை. கேட்டால் கிடைக்கும் என்று என் போன்றவர்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை. சலுகை கேட்க விண்ணப்பம் தயாரிக்கவே ஒரு வழக்குரைஞரும் ஒரு தணிக்கையாளரும் வேண்டும்.

என் தொழிலையே செய்கிற ஒரு பெரிய நிறுவனம் நாளை வரிவிலக்கோடு வந்து உட்கார்ந்தால், நான் கட்டும் வரியில் போட்ட சாலையில் அதன் வண்டிகள் ஓடும். அதன் விலையோடு நான் போட்டி போட வேண்டும். என்னிடமிருந்து ஆறு வேலை போகும். அது புதிதாக வந்த வேலைகளின் எண்ணிக்கையிலிருந்து கழிக்கப்படாது.


பழைய கணக்கர் எழுதியது:

பட்டறை நண்பர் சொன்ன சாலை விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டும். விலக்கின் தொகை பாதிக் கணக்குதான். மறுபாதி, புதிதாக வருகிறவருக்காக ஊர் செய்யும் செலவு. குழாய் பெரிதாக்க வேண்டும், கனரக வண்டி தாங்கும் சாலை போட வேண்டும், உயரமான கட்டடம் என்றால் தீயணைப்புக்கு நீள ஏணி வண்டி வேண்டும். புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும். இவற்றில் பலவற்றைக் கடன் வாங்கி மூலதனக் கணக்கில் செய்வார்கள். அதன் வட்டியும் பராமரிப்பும் அடுத்த ஆண்டு முதல் நடைமுறைச் செலவில் வந்து உட்காரும். அப்போது துண்டு விழும். எங்கே குறைக்கலாம் என்று தேடுவார்கள். விரலை வைத்துக் காட்டக்கூடிய தலைப்பு நூலகம்தானே.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் என்ற சிறிய ஊராட்சிக்கு நடந்ததை எல்லா மன்றங்களும் படிக்க வேண்டும். 2017இல் ஃபாக்ஸ்கான் நிறுவனம் அங்கே தொலைக்காட்சிக்கான திரைகள் செய்யும் ஆலை அமைத்து 13,000 பேருக்கு வேலை தருவதாக அறிவித்தது. மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்புக்கொண்டது. ஊராட்சி தன் பங்குக்குக் கடன் வாங்கி நிலம் கையகப்படுத்தியது, வீடுகளை இடித்தது, தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் சாலையும் அமைத்தது. சொன்ன ஆலை வரவில்லை. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது வேலை எண்ணிக்கை 1,454 ஆகவும், மாநிலத்தின் சலுகை 8 கோடி டாலராகவும் இறங்கியது. இடிக்கப்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டவைதான்.


ஒப்பந்தம் படிப்பவள் எழுதியது:

கணக்கர் ஐயா சொன்ன அதே கதையில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. மாநிலம் அந்தச் சலுகையில் பெரிய தொகையை இழக்கவில்லை, ஊராட்சிதான் சிக்கிக்கொண்டது. ஏன்? மாநிலத்தின் வரிக்கழிவு, ஆளை வேலைக்கு எடுத்துக் காட்டிய பிறகு தருவது. இலக்கை எட்டாத ஆண்டுகளில் நிறுவனத்துக்கு அது கிடைக்கவில்லை. ஊராட்சியின் செலவோ முன்கூட்டியே செய்தது. குழாயைப் புதைத்த பிறகு தோண்டி எடுத்து விற்க முடியாது. ஆகவே சலுகை நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், யார் முதலில் கொடுக்கிறார் என்று கேளுங்கள்.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் படிப்பது என் தொழில். என் கண் முதலில் போவது தொகைக்கு அல்ல, வினைச்சொல்லுக்கு. 'நிறுவனம் நானூறு பேரை வேலைக்கு அமர்த்தும்' என்பது ஒன்று. 'நானூறு பேரை வேலைக்கு அமர்த்த நிறுவனம் தகுந்த முயற்சி எடுக்கும்' என்பது முற்றிலும் வேறு. இரண்டாவதில் ஒருவரைக்கூட அமர்த்தாமல், விளம்பரம் கொடுத்த நகலைக் காட்டியே தப்பிக்கலாம். செய்தியாளர் கூட்டத்தில் மேயர் படிப்பது முதல் வாக்கியம். கையெழுத்தாவது பெரும்பாலும் இரண்டாவது.

அடுத்து 'வேலை' என்ற சொல். முழுநேர நிரந்தர வேலையா? அரை நாள் வேலை இரண்டைச் சேர்த்து ஒன்றாக எண்ணுகிறார்களா? ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்களும் கணக்கில் உண்டா? எந்தத் தேதியில் எண்ணுகிறார்கள்? கிடங்குத் தொழிலில் பண்டிகைக்கால நெரிசலின்போது தலை எண்ணினால் ஆண்டு முழுவதற்கும் அது பொய்க்கணக்கு. சம்பளம் என்று வந்தால் 'சராசரி' என்று எழுதுவார்கள். பத்து மேலாளர்களின் சம்பளம் சராசரியைத் தூக்கி நிறுத்திவிடும். இத்தனை பேருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று எழுதச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, திரும்பப் பெறும் விதி, அதாவது சொன்னதைச் செய்யாவிட்டால் கொடுத்த சலுகையைத் திரும்ப வாங்கும் விதி. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். ஆனால் யார் சரிபார்ப்பது என்று இருக்காது. நிறுவனமே ஆண்டுதோறும் ஒரு சான்றிதழ் அனுப்பும், கோப்பில் சேரும். கையெழுத்திட்ட நிறுவனம் இந்த ஒரு கிடங்குக்காக மட்டும் தொடங்கிய துணை நிறுவனமாக இருந்தால், திரும்பக் கேட்கும்போது அதன் பெயரில் ஒரு நாற்காலிகூட இருக்காது. தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லாத திரும்பப் பெறும் விதி வெறும் மை.


பள்ளிக்கூடத்து ஆசிரியை எழுதியது:

யாருடைய பணத்தை யார் விட்டுக்கொடுக்கிறார் என்பதையும் பேசுங்கள். பல இடங்களில் சொத்து வரி நகரத்துக்கு மட்டும் போவதில்லை. பிலடெல்பியாவில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. அங்கே 2000ஆம் ஆண்டு முதல் புதிய கட்டடங்களுக்குப் பத்து ஆண்டு முழு வரிவிலக்கு இருந்தது. கட்டுமானம் பெருகியது உண்மை. ஆனால் விலக்கின் பெரும்பங்கு பள்ளிகளின் பணம். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, வீடுகளுக்கான விலக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருமாறு 2022 முதல் மாற்றினார்கள்.

லூசியானா மாநிலத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. ஆலைகளுக்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து விலக்கு அளிப்பதை மாநில வாரியம் முடிவு செய்யும். வரியை இழக்கும் பள்ளி வாரியத்தை யாரும் கேட்கவே மாட்டார்கள். பல பத்தாண்டுகள் இப்படியே போயிற்று. 2016இல் ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் உள்ளாட்சிகளுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் இதில் வாக்களிக்கும் உரிமை கொடுத்தார். 2019 ஜனவரியில் கிழக்கு பேட்டன் ரூஜ் பள்ளி வாரியம், எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனம் கேட்ட விலக்கை வாக்கெடுப்பில் நிராகரித்தது. ஆசிரியர்கள் கூட்டத்துக்கு வந்து பேசினார்கள். நான் ஆசிரியை, அதைப் படித்த அன்று வகுப்பில் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.


மூடிய ஆலை எழுதியது:

படித்தேன், எல்லாவற்றையும். ஒப்பந்தம் படிப்பவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்க வேண்டும் என்பதை யார் மறுப்பார்?

ஆனால் சலுகையே கூடாது என்ற இடத்துக்கு நான் வரமாட்டேன். ஆலை மூடிய பிறகு அந்த நிலத்தில் எண்ணெய்க் கசிவும் சாயக்கழிவும் தேங்கிக் கிடந்தன. அதைச் சுத்தம் செய்யாமல் எந்த நிறுவனமும் வராது, சுத்தம் செய்ய எந்த நிறுவனமும் பணம் போடாது. அதற்கு ஊர் செலவழித்தால், வந்தவர் போனாலும் நிலம் சுத்தமாக இருக்கும். ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால், நிறுவனம் போனாலும் கைத்தொழில் அவர்களிடம் இருக்கும். பணத்தை நிறுவனத்தின் பையில் போடுவதற்குப் பதில் ஊரில் நட்டு வைக்கலாம் என்றால், அதற்கு நான் மேசையைத் தட்டுவேன்.


ஆய்வு மாணவன் எழுதியது:

ஐயா, பார்ட்டிக் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். வேலைத்திறன் பயிற்சியும் சிறு உற்பத்தியாளர்களுக்கான தொழில் ஆலோசனையும், அதே பணத்தை வரிக்கழிவாகக் கொடுப்பதைவிட அதிக வேலையை உண்டாக்குகின்றன என்பது அவர் கருத்து. அந்த ஆலோசனை பட்டறை நண்பரைப் போன்றவர்களுக்கும் எட்டும்.

வாசகி அம்மா சொன்ன நான்கு நிமிடம் என்னை விடவில்லை. அவசரத்துக்கு ஊர் கொடுத்த விலையைச் சிகாகோவில் பார்க்கலாம். அது வரிச்சலுகை அல்ல, ஆனால் நோய் அதே நோய். 2008 டிசம்பரில் மேயர் ரிச்சர்ட் டேலி, நகரத்தின் சுமார் 36,000 வாகன நிறுத்தக் கட்டணக் கருவிகளைத் தனியாருக்கு 75 ஆண்டுக் குத்தகைக்கு விடுவதாக அறிவித்தார். அறிவித்து மூன்று நாளுக்குள் மன்றம் 40-க்கு 5 என்ற கணக்கில் நிறைவேற்றிவிட்டது. கிடைத்தது சுமார் 115 கோடி டாலர். ஆறு மாதம் கழித்து நகரத்தின் தலைமை ஆய்வாளர் கணக்குப் பார்த்து, குறைந்தது 97.4 கோடி டாலர் குறைவாக வாங்கியிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தார். வந்த பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே பட்ஜெட் துண்டை அடைக்கப் போய்விட்டது. குத்தகையோ 2083 வரை. திருவிழாவுக்கோ பழுதுபார்ப்புக்கோ தெருவை மூடினால் நகரமே நிறுவனத்துக்கு இழப்பீடு கட்டுகிறது.


வரிக்கட்டுபவன் எழுதியது:

எல்லாப் பழியையும் வரிச்சலுகை மேல் போடுவது நியாயமா? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர்மன்றம் 2023 செப்டம்பரில் 114ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்தது. இனி கட்டாயச் செலவைத் தவிர வேறு புதிய செலவு செய்ய முடியாது என்று அர்த்தம். அதற்குக் காரணம் வரிச்சலுகை அல்ல. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராமல் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாக்கி, தோல்வியடைந்த கணினித் திட்டம், மத்திய அரசு குறைத்த மானியம். அடுத்த ஆண்டு குடிமக்கள் கட்டும் மன்ற வரி ஒரேயடியாக 10 சதவீதம் ஏறியது, நூலகங்களிலும் கை வைத்தார்கள். டெட்ராய்ட் 2013இல் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவாலானதற்கும் மக்கள்தொகை வீழ்ச்சியும் ஓய்வூதியச் சுமையும்தான் முதல் காரணங்கள்.


பழைய கணக்கர் எழுதியது:

நீங்கள் சொல்வது சரி. சலுகை மட்டும் ஊரை மூழ்கடித்ததாக நானும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் உதாரணங்கள் எல்லாவற்றிலும் ஒன்று பொது. பல ஆண்டுகள் கழித்து வந்து நிற்கும் பொறுப்பு, ஆண்டு பட்ஜெட்டில் தெரியாமல் இருந்தது. ஊதியப் பாக்கி, ஓய்வூதியம், வரிவிலக்கு எல்லாம் ஒரே ஜாதி. ஓர் ஆண்டுக் கண்ணாடியில் பத்து ஆண்டுச் செலவு தெரியாது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தொகை நூலகத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அச்சாக வேண்டும் என்பதுதான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு மன்றம் கிடங்கையே தேர்ந்தெடுத்தால், சரி, அது அவர்கள் அதிகாரம்.


மாலைநேர வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது கூட்டத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருவார்கள். உங்கள் பதில்களிலிருந்து மனுவை எழுதிவிட்டேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

'பதினோராவது பொருளை இறுதியாக்கும் முன், விலக்கின் தொகையை ஆண்டுவாரியாகப் பத்து ஆண்டுக்கும் கணக்கிட்டு, சாலைக்கும் குழாய்க்கும் ஆகும் செலவோடு சேர்த்து மன்றத்தின் முன் வைக்க வேண்டும். நானூறு பேருக்கு வேலை தர நிறுவனம் எடுக்கும் முயற்சிகளை ஆண்டுதோறும் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அந்த ஆண்டு விலக்கு நீங்க வேண்டும். பள்ளிகளுக்குக் குறையும் வருவாயைத் தனியே காட்ட வேண்டும்.'

நூலகரிடமும் பேசினேன். அந்த நோட்டைக் கடன் கேட்டிருக்கிறேன், படிக்காமல் விட்ட பக்கங்களையும் சேர்த்து நகலெடுத்து இணைக்கப் போகிறேன்.


ஒப்பந்தம் படிப்பவள் எழுதியது:

அம்மா, இரண்டாவது வாக்கியத்தில் 'எடுக்கும் முயற்சிகளை' என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதை அடித்துவிட்டு, 'வேலையில் இருக்கும் முழுநேர ஊழியர்களின் எண்ணிக்கையை, மன்றத்தின் தணிக்கையாளர் சரிபார்த்து' என்று போடுங்கள். 'நீங்க வேண்டும்' என்பதற்குப் பின்னால், 'இதற்குத் தாய் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும்' என்பதையும் சேர்த்துவிடுங்கள்.


மாலைநேர வாசகி எழுதியது:

அடித்துவிட்டேன். என் கையாலேயே எழுதியிருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. திருத்திய படியை நாளை காலை மன்ற அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குகிறேன்.


மூடிய ஆலை எழுதியது:

அம்மா, என் பெயரையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் வர வேண்டும் என்றுதான் இப்போதும் விரும்புகிறேன், அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.